தலைநகரைத் தேடிச் சென்ற மாணவர்

பிள்ளையை எந்தப் பல்கலைக் கழகத்தில் சேர்ப்பது என்னும் பேச்சு எழுந்தவுடன், அது எந்த ஊரில் உள்ளது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. தலைநகரில் என்றால் பெற்றோர் உள்ளம் குளிர்கின்றது. இவ்விருப்பம் இன்று பிறந்ததன்று. அதன் நன்மையையும் விலையையும் அறிய, கெய்ரோ நகரின் வரலாறு நமக்கு நல்லதோர் ஏடு.

கி.பி. 969-ல் ஃபாத்திமிய்யத் தளபதி ஜவ்ஹர் அந்நகரை நிறுவினார். அடுத்த ஆண்டே அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் பணி தொடங்கி, 972-ல் நிறைவுற்றது. தலைநகரும் கல்விச்சாலையும் ஒட்டிப் பிறந்தவை எனலாம்.

மாணவர் கூட்டம் அங்கே பெருகியது ஏன்? இதற்கு விடை பகர்ந்தவர் தூனிஸில் பிறந்து, 1382-ல் எகிப்துக்கு வந்து, அல்-அஸ்ஹரிலேயே பாடம் நடத்திய இப்னு கல்தூன். மக்கள் வாழ்வு செழித்த நகரங்களிலேயே கல்வியும் செழிக்கும் என்பது அவர் தமது ‘முகத்திமா’வில் நிறுவிய கருத்து. கெய்ரோவைப் பற்றி அவர் கூறும் காரணம் சுவையானது. தாம் மறைந்தபின் தம் செல்வத்தைச் சுல்தான் பறித்துக்கொள்வாரோ என அமீர்கள் அஞ்சினர். ஆகவே மத்ரஸாக்களைக் கட்டி, அவற்றுக்குச் சொத்துகளை வக்ஃபு செய்து, தம் மக்களுக்கும் அதில் ஒரு பங்கு வைத்தனர். அவ்வருவாயை நாடி இராக்கிலிருந்தும் மஃரிபிலிருந்தும் ஆசிரியரும் மாணவரும் வந்து குவிந்தனர். அரசியல் அச்சம் அறிவுக்கு உணவாயிற்று!

வந்தவர்க்கு அல்-அஸ்ஹரில் ‘ரிவாக்’ என்னும் விடுதிகள் அமைந்தன. மஃரிபியர், ஷாமியர், துருக்கியர், ஜாவா நாட்டார் எனத் தனித்தனி ரிவாக்குகள்; அன்றாடம் ரொட்டிப் படியும் உண்டு. ஒரே முற்றத்தில் உலகின் பல மூலைகளைக் காணும் பேற்றைச் சிற்றூர் மத்ரஸா எங்ஙனம் தரும்?

தலைநகர் இன்னொன்றும் தரும்: இரண்டாவது வாயில். மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில் 1889-ல் பிறந்து, இளமையிலேயே பார்வை இழந்த தாஹா ஹுசைன், 1902-ல் அல்-அஸ்ஹருக்கு வந்தார். அங்கே அவர் மனம் அமைதியுறவில்லை. ஆனால் 1908-ல் அதே நகரில் எகிப்தியப் பல்கலைக் கழகம் திறக்கப்பட்டது. அதில் பயின்று 1914-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் கருத்துகளை ஏற்காதார் பலர். எனினும், ஒரு கதவு ஒவ்வாதபோது மறுகதவைத் தட்ட அவரால் முடிந்தது.

இனி, விலையைக் காண்போம். அரண்மனையின் அண்டையில் வாழ்வோர் அரண்மனையின் காற்றுக்கு அசைந்தே தீர வேண்டும். 1171-ல் ஃபாத்திமிய்ய ஆட்சியை ஸலாஹுத்தீன் முடிவுக்குக் கொணர்ந்தபின், அல்-அஸ்ஹரில் ஜும்ஆ குத்பா நின்றது. பைபர்ஸ் காலத்தில், 1266-ல்தான் அது மீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலீ வக்ஃபு நிலங்களில் கை வைத்தார். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவம், பொறியியல் துறைகளைத் தந்தது. அரசின் பிடியையும் இறுக்கியது. எக்கை கொடுத்ததோ அக்கையே கட்டவும் செய்தது.

ஆதலின் பெற்றோர் நகரின் பெயரில் மயங்க வேண்டா. அங்கே எந்த ஆசிரியரிடம் அமர்வான், எந்நாட்டாருடன் பழகுவான், ஒரு வாயில் அடைத்தால் மறுவாயில் உண்டா என வினவுக. அவற்றுக்கு விடை கிடைப்பின் தலைநகர் நன்று. கிடைக்காவிடின், அது வாடகை மிகுந்த ஓர் ஊர், அவ்வளவே.