சட்டைக்கை அறுவை

உங்கள் சட்டைக்கை நடுவில் கிழிந்துவிட்டால் தையற்காரர் என்ன செய்வார்? கிழிந்த பகுதியை வளையமாக வெட்டியெடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார். கை சற்றுக் குட்டையாகும், சட்டை பிழைத்துக்கொள்ளும். நுரையீரல் கட்டிக்கு இவ்வெளிய வழி கையாளப்பட்டது 1947-இல்தான்.

1933-இல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய் கண்ட ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றி அவரைப் பிழைக்க வைத்தார். பெரும் சாதனைதான். ஆனால் எல்லாக் கட்டிகளும் ஒரே குணமுடையவை அல்ல. நுரையீரல் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டாக வரும் கார்சினாய்டு மிக மெதுவாக வளர்வது. இளைஞர்களுக்கும், புகைபிடிக்காதவர்களுக்கும் வரும். பெரும்பாலும் மூச்சுக்குழாயின் பெரிய கிளைகளிலேயே தோன்றும். அதற்காக ஒரு நுரையீரலையே பலியிடலாமா?

வாய்வழியே குழல் செலுத்திச் சுரண்டி எடுக்கலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். கட்டியோ கடலில் மிதக்கும் பனிப்பாறை போன்றது. குழலுக்குள் தெரிவது கொஞ்சம், சுவருக்கு வெளியே மறைந்திருப்பது அதிகம். தொட்டால் இரத்தமும் பெருகும்.

1947-இல் லண்டன் அறுவை மருத்துவர் கிளெமென்ட் பிரைஸ் தாமஸிடம் இக்கட்டியுடன் வந்தவர் விமானப்படைப் பயிற்சி மாணவர். ஒரு நுரையீரலை இழந்தால் விமானி வேலையை அவர் மறந்துவிட வேண்டியதுதான். பிரைஸ் தாமஸ் கட்டியிருந்த குழல்பகுதியை வெட்டியெடுத்து, முனைகளை இணைத்துத் தைத்தார். நுரையீரல் தப்பியது.

சட்டையைத் தைப்பதுபோல் இது எளிதன்று. தையல் கசிந்தால் காற்று மார்புக்கூட்டில் நிறைந்து நுரையீரலைச் சுருக்கிவிடும். தழும்பு இறுகிக் குழல் குறுகினாலும் ஆபத்துதான். ஆரம் பாதியானால், காற்று சீராக ஓடும்போதே தடை 16 மடங்காகும். (பாய்சேய் விதி தேர்வுக்கு மட்டுமே என்றெண்ணும் மாணவர்கள் கவனிக்க!) குறுகிய இடத்துக்கு அப்பால் சளி தேங்கிச் சீழ்பிடிக்கும்.

இதே பிரைஸ் தாமஸ்தான் 1951 செப்டம்பரில், பக்கிங்ஹாம் அரண்மனையில், மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் அறுவை செய்தார். அங்கே இருந்தது கடும் புற்று. இடது நுரையீரல் முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் தீங்கற்றதெனக் கருதப்பட்ட கார்சினாய்டு, இன்று மெல்ல வளரும் புற்றாகவே கணக்கிடப்படுகிறது. ஆகவே, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். வெட்டிய குழலின் ஓரத்தை, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்; அங்கே கட்டியின் உயிரணு இல்லையென்று சொல்லி அனுப்பிய பிறகே ஊசியில் நூல் கோக்கப்படுகிறது.