தெருப் பெயரில் இருந்து காணாமல் போன சோனகர்



கடந்த விடுமுறையில் எமது பாடசாலையின் உயர்தர வரலாற்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காலிக்குப் போய் வந்தோம். போட்டோக்களைப் பலர் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மதில், கடல், வெளிச்சவீடு என்று எல்லாமே அழகுதான். ஆனால் போட்டோவில் விழாத ஒரு விடயம் ஊர் திரும்பிய நாளில் இருந்து மனதில் கிடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இரவு முழுக்க பஸ் ஓடி, விடிந்த பிறகு காலி போய்ச் சேர்ந்தோம். சூரியக் கொத்தளத்துக்கும் சந்திரக் கொத்தளத்துக்கும் இடையில் இருக்கும் பெரிய வாசலால் உள்ளே நுழைந்தோம். அது ஆங்கிலேயர் 1873இல் திறந்த வாசல். அதற்கு முந்திய பழைய வாசல் துறைமுகப் பக்கம் இருக்கிறது. அதன் வெளிமுகத்தில் ஆங்கிலேய முடியின் சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. ஒரே வாசலில் இரண்டு ஆட்சிகள். போர்த்துக்கேயர் 1588இல் இங்கே அரண் அமைத்தார்கள், 1640இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர் எடுத்தார்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம்தான். வரிசையாக ஒப்புவித்தார்கள்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இதெல்லாம் வந்து போன ஆக்கள்ற கதை. இங்க நம்மட ஆக்கள் இருக்கல்லியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அன்று முழுக்க நடந்தோம்.

கோட்டைக்குள் தெருப் பெயர்களை வாசித்துக்கொண்டு போனாலே அரைவாசி வரலாறு கிடைத்துவிடும். லெயின் பான் தெரு என்பது கப்பலுக்குக் கயிறு திரித்த இடம். பறவ தெரு என்பது பரவர் பெயரால் வந்தது. தென்னிந்தியக் கரையில் இருந்து வந்த அந்த மக்களின் பெயர் இன்னும் பலகையில் நிற்கிறது. அடுத்தது பெட்லர் தெரு. பெட்லர் என்றால் சில்லறை வியாபாரி. யார் அந்த வியாபாரி? ஒல்லாந்தர் காலத்துப் பெயரில் அதற்கு விடை இருக்கிறது. அவர்கள் அந்தத் தெருவை 'மோர்ஸ கிராமர் ஸ்திராத்' என்றார்கள். சோனக வியாபாரிகளின் தெரு என்று அர்த்தம். பிறகு பெயர் ஆங்கிலத்துக்கு மாறியபோது வியாபாரி மிஞ்சினார், சோனகர் விழுந்துவிட்டார்.

இதன் கனம் விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தெவிநுவரையில் இருந்து 'காலி' என்ற சிறிய ஊருக்கு வந்ததாகவும், இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன் இடத்தில் வைத்து விருந்தளித்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் மதில் கட்டுவதற்கு இருநூறு வருடங்களுக்கு மேல் முந்திய சங்கதி இது. பிறகு 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அதாவது எமது கிழக்குக் கரைக்கு. அப்படி விரட்டப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரில், அதற்குப் பின்னால் வந்த ஆட்சியில், கோட்டைக்குள்ளேயே ஒரு தெரு இருந்திருக்கிறது. போன வழியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு ஒரு சின்னக் கடை. கோட்டைக்குள் வெள்ளைக்காரருக்கான கடைகளில் ஒரு கோப்பை கோப்பியின் விலையைப் பார்த்துவிட்டு பிள்ளைகள் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். சோறும் பருப்பும் சூரை மீன் அம்புல்தியலும் சாப்பிட்டோம். கொறுக்காயும் மிளகும் உப்பும் போட்டு நீர் வற்றும்வரை வேகவைத்த மீன். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் நாட்கணக்கில் கெடாமல் வைத்திருக்கச் சிங்களச் சகோதரர்கள் கண்ட வழி. அடுத்து வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் எமது ஊரில் போடுவதுதான். கித்துள் கருப்பட்டியின் வாசம் மட்டும் தனி. பின்னேரம் மதிலில் நின்று இஸ்ஸோ வடையும் மாங்காய் அச்சாறும் முடித்தோம்.

அசருக்கு மீரான் பள்ளிவாசலுக்குப் போனோம். வெளிச்சவீட்டுக்கு முன்னால், இரண்டு கோபுரங்களோடு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தூரத்தில் பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். இப்போதுள்ள கட்டடம் 1904ஆம் ஆண்டு அளவில் எழுந்தது. கோட்டைக்குள்ளேயே 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் இருக்கிறது.

தொழுகை முடிந்து திண்ணையில் இருந்தபோது ஒரு வயதான ஹாஜியார் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "எந்த ஊரு மகன்?" என்று தொடங்கிய பேச்சு மஃரிப் வரைக்கும் போனது.

நீராவிக் கப்பல்கள் காலியில் நின்று போன காலத்தில், பயணிகளுக்கு மாணிக்கக்கல் விற்றவர்களில் எம்மவர்கள் முக்கியமானவர்கள். 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் தொடங்கி, 1885 அளவில் முடிந்ததோடு கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலியின் பெரிய வியாபாரம் படுத்தது. கம்பனிக்காரரும் பறங்கியர் பலரும் வெளியேற, வெறுமையான வீடுகள் பலவற்றைச் சோனகக் குடும்பங்கள் வாங்கிக் குடியேறின. கப்பல் போன பிறகும் அந்த ஊரை ஊராக வைத்திருந்தவர்களில் அவர்களும் அடக்கம். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அது ஆட்கள் வாழும் கோட்டையாக இருந்தது.

ஹாஜியார் தெருவைக் காட்டிச் சொன்னார்: "நாங்க சின்னப் புள்ளயா இருக்கக்க நோன்பு காலத்தில கஞ்சி வீட்டுக்கு வீடு போகும். இப்ப பக்கத்து வீட்டில ஆரு இருக்கியென்டு தெரியா. கிழமைக்கு ஒரு புது ஆள்."

அந்த வீடுகளில் பல இப்போது ஹோட்டல்கள். நாங்கள் விற்றவர்களைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவர் தடுத்துவிட்டார். "குறை சொல்ல ஏலா மகன். ஒரு வீடு, அஞ்சு புள்ளைக்குப் பங்கு. கூர ஓடு மாத்தவும் அனுமதி எடுக்கோணும், காசும் வேணும். கேட்ட விலைக்கு ஒருத்தன் வந்தா என்ன செய்யிற?"

எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

வெளியே வந்து மதிலில் ஏறினோம். 2004 சுனாமி அன்று வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் தண்ணீருக்குள் போக, கோட்டையின் உட்புறத்தைப் பெருமளவு காத்தது இந்த மதில்தான். எங்கள் கரைக்கு அப்படி ஒரு மதில் இருக்கவில்லை. அதை நினைத்து ஆசிரியர்கள் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். மதிலால் கடலைத் தடுக்க முடிந்திருக்கிறது. வீடுகள் கைமாறுவதைத் தடுக்க அதனால் முடியாது.

அங்கேயே வைத்து அன்றைய கடைசிப் பாடத்தைச் சொன்னோம். 1911இல் காலியில் கிரிப்ஸ் வீதியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த கல்லை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல் படை கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு திகதி, மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைத் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கை. ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பொன், வெள்ளி, எண்ணெய். மூன்று சாராரையும் சமமாக மதித்த கல். செங் ஹே பிறந்ததும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில்தான். இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. வாசிக்க ஆள் இல்லாமல் போன காலத்தில் அது வெறும் மதகு மூடி.

காலியைப் பார்க்கப் போகிறவர்கள் போங்கள், நல்ல இடம். ஆனால் பெட்லர் தெருவில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு அதன் முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

ஊருக்கு வந்ததும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: உங்கள் ஒழுங்கையின் பழைய பெயரை வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வாருங்கள். கோட்டை வாசலில் கேள்வி கேட்ட அதே பிள்ளை மறுநாள் வந்தாள். இப்போது '4ஆம் குறுக்கு' என்று பலகை போட்டிருக்கும் அவளது ஒழுங்கையை அவளுடைய உம்மம்மா 'தோணிக்காரர் ஒழுங்கை' என்றுதான் சொல்வாராம். அந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

உங்கள் வீடுகளில் பழைய காணி உறுதிகள், திருமணப் பதிவுகள், கடைக் கணக்குக் கொப்பிகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஒழுங்கைகளின் பழைய பெயர் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் ஒரு கொப்பியில் பதியத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் இதுவரை ஏழு பெயர்கள்.