பாய்ஸ் கம்பெனிப் பாடகர்கள்

சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட தொழில்முறைச் சங்கீத நாடகக் குழுவுக்கு பாய்ஸ் கம்பெனி என்று பெயர். நோட்டீசில் ‘பால சபா’, ‘கான சபா’ என்றெல்லாம் நீளமாகப் போட்டுக்கொள்வார்கள்; ஜனங்கள் வாயில் எல்லாமே கம்பெனிதான். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேடைப் பாட்டுக்கு இதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை. ஐரோப்பாவின் ஆபராவைப் போலவே பாடிக்கொண்டே நடிப்பதுதான் இங்கும் அடிப்படை. ஆனால் ஆபராப் பாடகர் குரல் முதிர்ந்த பிறகு மேடைக்கு வருகிறார். கம்பெனிப் பையன் குரல் உடைவதற்குள் பெயர் வாங்கியாக வேண்டும்.

பெரிய நடிகர்கள் வாத்தியார் சொல்லுக்கு அடங்கமாட்டார்கள். அந்தச் சலிப்புதான் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) சிறுவர்கள் பக்கம் திருப்பியது. 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பெண் வேஷமிடும் ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் இவர்களே. அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை, பாட்டும் வசனமுமாக, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

பயிற்சி என்றால் பாடம்தான். வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் பாடத்தோடு அடுத்தவன் பாடமும் நெட்டுருவாக வேண்டும். காலையில் ஆர்மோனியத்தோடு பாட்டுப் பழக்கம், இரவு பத்து மணிக்கு மேல் நாடகம், முடியும்போது விடியல். சாப்பாடும் படுக்கையும் கம்பெனி வீட்டில். தவறினால் பிரம்படி. இதை ‘குருகுலம்’ என்று சொல்லி மெழுகுகிறவர்கள் அந்த அடியை மறந்துவிடுகிறார்கள்.

அன்றைய கொட்டகையில் மைக் கிடையாது. கச்சேரியில் ஆண் பாடகர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் நிதானமாகப் பாடலாம். நாடகத்தில் நாலு, ஐந்து கட்டைக்கு ஏறினால்தான் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதில் விழும். அவருக்குப் பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’. அதே பாட்டை முதலிலிருந்து பாட வேண்டும். சிறுவனின் குரலுக்கு அந்த உயரம் இயல்பாகவே எட்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பருவமான மகரக்கட்டு வந்ததும் எல்லாம் மாறிவிடும். நேற்றுவரை ராஜபார்ட் என்ற கதாநாயக வேஷத்தில் பாடியவன் பக்க வேஷத்துக்கோ சமையற்கட்டுக்கோ ஊருக்கோ போக நேரும். கட்டு உடைந்து, நல்ல குரல் திரும்பினால் அது அதிர்ஷ்டம். கம்பெனிகளின் வரலாற்றை வெற்றிபெற்றவர்களின் பெயர்களை வைத்தே எழுதுவதால், திரும்பாத குரல்கள் அதில் இடம்பெறவில்லை.

அந்த அதிர்ஷ்டத்துக்கு உச்ச உதாரணம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933). சிறுவனாகச் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபாவில் பழகியவர். பிறகு கன்னையா கம்பெனியின் ‘தசாவதார’த்தில் கொடிகட்டிப் பறந்தார். வளர்ந்த பிறகும் மேல்ஸ்தாயி அவருக்குச் சிரமமே இல்லாமல் பேசியது. அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். 1926இல் இலங்கையில், பாடகி-நடிகை கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளோடு ‘வள்ளி திருமணம்’. அது ஸ்பெஷல் நாடகக் காலம்: வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒத்திகையே இல்லாமல் ஓரிரவு கூடி நடிப்பார்கள். எல்லோரும் சுவாமிகளின் பாடத்தையே படித்திருந்ததால் அது முடிந்தது. சுந்தராம்பாளின் குரல் கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுத்தது. மறு ஆண்டு திருமணம். 27 வயதில் இறந்த கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டுகள்தான் மிச்சம்.

பேசும்படம் வந்ததும் பட முதலாளிகள் ஆள் தேடி இந்தக் கம்பெனிகளுக்கே வந்தார்கள். அப்படிப் போன சோழவந்தான் பக்கத்துப் பையன் டி.ஆர். மகாலிங்கம், கிட்டப்பா பாணியில் பாடியே வளர்ந்தவர். அவருடைய முதல் படம் 1938இல் வந்த ‘நந்தகுமார்’. நடிப்பவருக்காக வேறொருவர் பாடும் பின்னணிப் பாட்டுத் தமிழில் நுழைந்ததும் அதே படத்தில்தான்.