மணிமங்கலத்து மழைநீர்

திருக்குட நன்னீராட்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு திருப்பணிக் குழுவினர் பணித்தபொழுது, திருக்கோயிற் கல்வெட்டுக்களைப் பற்றியே யான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுவதோ நம் திருக்குளத்திற்கு நீர் வந்த வழியைப் பற்றியதாகும். குளத்திற்கு நீர் தந்தது ஊர் ஏரி; அவ்வேரியின் மிகைநீர் வடிவது அடையாற்றில். ஆதலின் அடையாற்றின் தலைப்பகுதியாகிய மணிமங்கலத்தினின்று தொடங்குவதே முறையாகும்.

மணிமங்கலம் சைவ அன்பர்களுக்குப் புதிய ஊரன்று. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் அதுவும் ஒன்று. அதனைத் தொடர்ந்த வாதாபிப் படையெடுப்பிலே சிறுத்தொண்ட நாயனார் படைத்தொழில் ஆற்றியதைப் பெரியபுராணத்தால் அறிவோம். இவ்வெற்றியைக் கூறுவது நரசிம்மவர்மனின் பெயரனாகிய முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. அதே செப்பேடு கூரத்துச் சிவன்கோயிலுக்கு விட்ட நிவந்தத்தையும், பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றினின்று வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் கூறுகின்றது. பாட்டன் வென்ற போரும் பெயரன் வெட்டிய வாய்க்காலும் ஒரே ஏட்டில் இடம்பெற்றன. மடத்தில் பாடம் கேட்ட இளமையில் போர்ச் செய்தியையே விரும்பிப் படித்தேன். வாய்க்காற் செய்தியைப் புரட்டிவிட்டேன்.

தொண்டை நாடு வற்றாத ஆறு இல்லாத நாடு. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையை நம்பியே ஆண்டு முழுவதும் வாழ வேண்டும். நிலமோ மேற்கினின்று கிழக்காக மிகச் சிறிதே சரிந்து செல்வது. ஆதலின் நம் முன்னோர், சரிவின் குறுக்கே கரையெழுப்பி ஏரிக்குக் கீழ் ஏரியாக அமைத்தனர். மேலேரி நிரம்பியபின் கலிங்கின் வழியாக வழியும் நீர் கீழேரிக்கு வரத்துநீராகும். அதன் கலிங்கு வழிந்தால் அடுத்ததற்கு. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடும் அடையாறு, இவ்வாறு ஏறத்தாழ 200 ஏரிகளின் மிகைநீரைத் தாங்கி, 860 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை வடித்துக் கடலிற் சேர்க்கின்றது. ஏரி என்பது பாசனத்திற்கு நீர் தேக்கும் இடம் என்று மட்டும் நாம் கற்பிக்கின்றோம். ஒரே நாளில் பெய்த மழை ஒரே நாளில் ஆற்றில் இறங்காதவாறு தடுத்து, சிறிது சிறிதாக விடுவதும் அதன் தொழிலேயாகும்.

இத்தொடரின் உயிர்நிலை கலிங்கு. ஆங்கிலேய அதிகாரிகள் வேறு சொல் காணாது அதனையே ‘கலிங்குலா’ என்று தம் ஏடுகளில் எழுதிக்கொண்டனர். கலிங்கின் மேல் நட்ட கற்களுக்கிடையே மண்ணையும் தழையையும் அடைத்து நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தினால் ஆயக்கட்டுக்காரர் மகிழ்வர். ஆனால் உள்வாயிற் பயிரிட்டவன் நிலம் மூழ்கும், கீழூருக்கு நீர் தாழ்த்து வரும். ஓர் அடி உயரம் மூன்று ஊர்களின் வழக்காகிவிடும். எனவேதான் எந்த ஊரும் தன் ஏரியைத் தன் விருப்பம் ஒன்றையே கருதி மாற்ற முடியாதிருந்தது.

அடையாற்றுப் படுகைக்குப் புறம்பாயினும், தொண்டை நாட்டதேயாகிய உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் (919, 921) ஏரி வாரியத்திற்கு ஆண்டுதோறும் அறுவரைக் குடவோலையால் தெரிந்தெடுத்தமையைக் கூறுகின்றன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். அகவை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும் என்பதும் விதி. எழுபதைக் கடந்த எனக்கு அங்கே இடமில்லை!

இனி நம் காலத்திற்கு வருவோம். சென்னையில் மாம்பலத்தை ஒட்டியிருந்த நீண்ட ஏரியை 1920-களில் வடித்தே தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பெற்றது. நகரம் தெற்கிலும் மேற்கிலும் பரவியபொழுது ஏரிகளின் உள்வாயும் வரத்துக்கால்களும் மனைகளாயின. ஒரு மனை 2,400 சதுர அடி. அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 22,300 லிட்டர் நீர் விழும். மண்ணாயிருந்தவரை அதில் ஒரு பங்கை நிலம் குடித்தது. எஞ்சியது மெல்ல ஊர்ந்தது. கூரையும் சிமெண்டுத் தரையும் ஆனபின் பெரும்பகுதி சில நாழிகைக்குள் தெருவுக்கு வந்துவிடுகின்றது. மனைப்பிரிவு அமைப்போர் வடிகால் கட்டாமலில்லை. தம் எல்லை வரையிற் கட்டுகின்றனர். எல்லைக்கு அப்பால் அந்நீர் யாருடையது என்று கேட்பாரில்லை. இவ்வாறு நூறு மனைப்பிரிவுகளின் நீர் ஒரே வேளையில் ஆற்றுக்குள் இறங்குகின்றது.

2015 திசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திரார். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். மேற்கண்ட கணக்கின்படி ஒரு மனைக்கு 1,09,000 லிட்டர். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததே பேசப்பட்டது. அந்நீர் அடையாற்றிற் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். அதற்கும் மேலே உள்ள முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கினவே, அவற்றை மூழ்கடித்தது எது? மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளும் வயல்களும் மனைகளும் சேர்ந்து அனுப்பிய நீரே அது.

இதனை எழுதுவதற்கு எனக்குள்ள உரிமை படிப்பினால் மட்டும் வந்ததன்று. ஓய்வூதியத் தொகையில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். விற்றவர் புஞ்செய் என்றார். பத்திரமும் அவ்வாறே கூறிற்று. அண்டை வயலில் மாடு மேய்த்த முதியவர், “ஐயா, இது கால்வாய் போன இடமுங்க” என்றார். ஏரிக் கல்வெட்டுக்களை மாணாக்கர்க்கு நாற்பது ஆண்டு விரித்துரைத்தவன், அவர் சொல்லைக் காதில் வாங்கவில்லை. அன்றிரவு நீர் நெஞ்சளவு ஏறிற்று. ஆசிரியர் கையெழுத்திட்டுத் தந்த சித்தாந்த நூல்கள் அனைத்தும் கூழாயின. என் வீட்டுத் தளம் தடுத்த நீர் எதிர்வீட்டு அன்பர் மனைக்குள் புகுந்ததையும் மாடியிலிருந்து கண்டேன்.

2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2007-இல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் வந்தது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இவை நல்லனவே. ஆயினும் சேகரிப்புத் தொட்டி மனைக்கு ஒன்று, வடிகால் தெருவுக்கு ஒன்று என்ற அளவிலேயே பெரும்பாலும் நிற்கின்றோம். மேலூர்க் கலிங்கையும் கீழூர் வரத்தையும் சேர்த்துப் பார்க்கும் வாரியம் அரிதாகவே உள்ளது.

நம் திருக்குளத்து வரத்துக்காலைத் தேடிச் சென்ற திங்கள் நில அளவையாளருடன் நடந்தேன். புலப்படத்தில் அது இரு கோடுகளாகத் தெளிவாக உள்ளது; வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியும் இருக்கின்றது. ஏரி மதகினின்று முந்நூறு அடி வரை கருவேலம் புதருக்குள் அதனைக் கண்டோம். அதன்பின் ஓர் அரிசி மண்டியின் பின்சுவர், இரண்டு வீடுகள், ஒரு தார்ச்சாலை. சாலைக்கு இப்பாலே, கோயில் மதிலின் வடமேற்கு மூலையில், கல்லாலான நீர்த்தூம்பு ஒன்று மண்மூடிக் கிடந்தது. திருப்பணியாட்கள் அதனைத் தோண்டியெடுத்து வாய் திறந்து வைத்துள்ளனர்.