துப்பாக்கியும் துடைக்கும் துணியும்

கொல்லயிலில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதில் ஒரு மூங்கில் கம்பு, முனை வளைந்த பித்தளைக் கம்பி, எண்ணெய்க் குப்பி, வெட்டி வைத்த பழைய வேட்டித் துணி. பாட்டாவிடம் உரிமத்தோடு ஒரு மருந்துத் துப்பாக்கி இருந்தது. அதை அரசிடம் ஒப்படைத்து ஆண்டுகள் பல ஆயிற்று. அவர் தம் கையால் சேர்த்த துடைப்புச் சாமான்கள் மட்டும் மிச்சம்.

சிறுவனாக இருந்தபோது, "எண்ணெயப் போட்டுத் துடைச்சா போதாதா பாட்டா?" என்று கேட்டேன். "எண்ணெயில உப்பு கரையுமா மக்களே? மொதல்ல வெந்நீரு, பெறவுதான் எண்ணெ" என்றார்.

அந்த விடையில் வேதியியலே அடங்கியிருக்கிறது. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் திடக்கழிவாகக் குழலில் படியும். அந்த உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். நம் நாட்டு மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். வெந்நீர் உப்பைக் கரைக்கும். சூடேறிய குழல் விரைவில் உலரும். அதன்பின் பூசும் எண்ணெய் ஈரத்தைத் தடுக்கும். மருந்துத் துளை அடைபட்டால் குத்தி எடுக்கத்தான் அந்தப் பித்தளைக் கம்பி.

இந்தப் பெட்டிக்கும் நம் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை இயங்கியது. 1777-இல் மறைந்த அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது; அதில் தமிழ் எழுத்தும் உண்டு. சிக்கிமுக்கித் துப்பாக்கி ஏந்திய அக்காலச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் துடைப்பதும் கடமைதான். அழுக்கேறிய குழலில் குண்டு இறங்காது. துளை அடைபட்டால் வெடியாது.

துடைப்பும் பூச்சும் சில்லறைக் காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு பூசியிருப்பதாகச் சிப்பாய்கள் அஞ்சினார்கள். தாங்களே வாங்கிய பொருளைப் பூசிக்கொள்ளலாம் என்று அவ்வாண்டு சனவரியிலேயே அனுமதி வந்தது. ஆனால் போன நம்பிக்கை திரும்பவில்லை. மே மாதம் மீரட்டில் கலகம் வெடித்தது. எதைக் கொண்டு துடைப்பது, எதைப் பூசுவது என்பதைத் தன் கையால் தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உதயகிரி எங்களுக்கு எல்லைக்கு அப்பால் ஆகிவிட்டது. பிறமொழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் குளச்சல் ஒரு தேதி மட்டுமே. விடுமுறையில் ஊருக்கு வரும்போது கோட்டையையும் காட்டுங்கள். வீட்டுப் பரணையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பழைய சாமான் என்று எடைக்குப் போடுமுன், அது எதற்கு என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வைப்பது நலம். நான் பாட்டாவிடம் கேட்டது அந்த ஒரே கேள்விதான். கேட்காமல் விட்டவை அநேகம்.