'30 நாளில் கூகுள் முதலிடம்!' - பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

வெப்சைட் ஆரம்பிச்சு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்து விழும். 'சார், உங்க சைட் பார்த்தோம். 30 நாளில் கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம். கியாரன்டி!' கூடவே சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நகைச்சீட்டு மாதிரியே ஒரு விலைப்பட்டியல்.

பிசினஸ் புதுசு. ஆர்டர் எப்போ வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். கை தானாக ஜிபே பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்க. 'முதலிடம் கியாரன்டி' என்று யாராலும் தர முடியாது என்பதை கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. எஸ்.இ.ஓ வேலையைத் தொடங்கி, பலன் கண்ணில் தெரிய பெரும்பாலும் 4 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்பதும் அவர்கள் சொன்ன கணக்குதான்.

எஸ்.இ.ஓ என்பது, யாராவது ஒன்றைத் தேடும்போது, விளம்பரத்துக்குக் காசு கட்டாமலேயே நம்ம பக்கம் மேலே வருவதற்காகச் செய்யும் வேலை. விளம்பரத்தில் காசு நிறுத்திய அன்றே ஆள் வரத்தும் நின்றுவிடும். இதில் அப்படி இல்லை. ஒழுங்காக எழுதிய ஒரு பக்கம் வருடக்கணக்கில் வாடிக்கையாளரைக் கூட்டி வரும். ஆனால், குறுக்கு வழியில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது.

இரண்டே மணி நேரத்தில் 71-வது இடம்

ஜே.சி.பென்னி என்பது அங்கே பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். 2010 கடைசியில், பண்டிகை சீசனில், கூகுளில் துணிமணி தேடினாலும் அதுதான் முதலில் வந்தது. மெத்தை விரிப்பு, தரைவிரிப்பு தேடினாலும் அதுவேதான். 'சாம்சோனைட்' பெட்டி தேடினால், அந்தப் பெட்டியைச் செய்யும் சாம்சோனைட் கம்பெனியின் சைட்டைவிட ஜே.சி.பென்னி மேலே நின்றது! இது எப்படி என்று 'நியூயார்க் டைம்ஸ்' தோண்டியது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து ஜே.சி.பென்னிக்கு லிங்க் வைத்திருந்தது தெரியவந்தது. அணுப் பொறியியல் பற்றிய சைட்டில் துணிக்கடைக்கு லிங்க் இருந்தால் சந்தேகம் வராதா?

2011 பிப்ரவரியில் விஷயம் கூகுளுக்குப் போனது. ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, 9 மணிக்கு சாம்சோனைட் தேடலில் 71-வது இடத்துக்கும், வரவேற்பறை ஃபர்னிச்சர் தேடலில் 68-வது இடத்துக்கும் விழுந்தது. 68-வது இடம் வரை ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தவர் நம்மில் யாராவது உண்டா?

இதில் லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். ஊரில் நாலு பேர் கைகாட்டும் டாக்டரைத்தானே நாமும் தேடிப் போகிறோம். அதே லாஜிக்தான். ஒரு சைட் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை; நல்ல பெயருள்ள சைட் பரிந்துரைத்தால் மதிப்பு கூடுதல். 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியதே இந்த யோசனையின் மீதுதான். பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும், அதைக் காசுக்கு விற்பவர்களும் வந்துவிட்டார்கள்.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் 'பாண்டா' என்ற அப்டேட் வந்தது. கரடி இல்லைங்க, அந்தப் பெயர் கொண்ட ஒரு கூகுள் பொறியாளர்! சரக்கில்லாத பக்கங்களை அது கீழே தள்ளியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 12 சதவிகிதத் தேடல்களின் முடிவுகள் மாறின. 2012-ல் வந்த 'பெங்குவின்' லிங்க் மோசடிகளைக் குறிவைத்தது. 2024 மார்ச்சில், ரேங்க்குக்காகவே மொத்தமாகப் பக்கங்களைத் தயாரித்துக் குவிப்பதை ஸ்பாம் என்று அறிவித்தார்கள். ஏ.ஐ-யிடம் சொல்லி ஒரே ராத்திரியில் 500 கட்டுரை போடுகிறேன் என்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

கீவேர்டு உங்க வாட்ஸ்அப்பிலேயே இருக்கு

சரி, நேர்வழி என்ன? பவானி ஜமக்காளம் விற்கும் ஒரு குடும்பம் வெப்சைட் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு வாங்கிய பொருள். வெறும் 'ஜமக்காளம்' என்ற சொல்லுக்கு முதலிடம் பிடிக்க நினைத்தால், அமேசான் மாதிரி பெரிய தளங்களோடு மல்லுக்கட்டணும். தேவையில்லாத சண்டை.

அதைவிட, வாடிக்கையாளர் தினமும் கேட்கும் கேள்விகளைப் பாருங்க. 'வீட்டு விசேஷத்துக்கு 20 பேர் உட்கார எத்தனை அடி வேணும்?', 'துவைச்சா சாயம் போகுமா?', 'கைத்தறியா, விசைத்தறியா... எப்படிக் கண்டுபிடிக்கிறது?', 'கல்யாண மண்டபத்துக்கு மொத்தமா எடுத்தா என்ன ரேட்?'. வாட்ஸ்அப்பில் உங்களைக் கேட்பவர் ஒருவர் என்றால், அதையே கூகுளில் கேட்பவர் பலர். ஒவ்வொன்றுக்கும் நேர்மையான ஒரு பக்கம் எழுதுங்க. அளவோடு, விலையோடு, நீங்களே எடுத்த போட்டோவோடு.

விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று விற்பது நெசவாளர்களின் நெடுநாள் புகார். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக வண்ணம் வரும் ரகம் எது, கரையில் டிசைன் வரும் செயற்கைப்பட்டு நூல் ரகம் எது, தறியில் நெய்ததைத் தொட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்... இதையெல்லாம் தறியில் உட்கார்ந்தவர் விளக்கினால் அந்தப் பக்கத்தை யாராலும் காப்பியடிக்க முடியாது. கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் கையேட்டில், 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. அனுபவம் என்றால் இதுதான்.

இன்னொன்று, நம்ம ஆட்கள் தேடும் விதமே தனி. ஜமக்காளம் என்று சிலர், ஜமுக்காளம் என்று சிலர். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். பல வித்தியாசங்களை கூகுளே புரிந்துகொள்ளும் என்பதால், எல்லா ஸ்பெல்லிங்கையும் வரிக்கு வரி திணிக்க வேண்டாம். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் ஒழுங்காக இருந்தாலே நல்லது. பக்கத்துக்குள் ரகசியமாக கீவேர்டு பட்டியல் வைக்கும் 'மெட்டா கீவேர்டு' டேகை கூகுள் கண்டுகொள்வதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள். இன்னமும் அதற்குத் தனியாக பில் போடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

டெக்னிக்கல் விஷயத்தில் ரொம்ப பயப்பட வேண்டாம். சைட் போனில் ஒழுங்காகத் திறக்கணும். கூகுள் இப்போது மொபைல் வடிவத்தை வைத்துத்தான் பக்கங்களைப் படிக்கிறது. முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரியணும் என்பது அவர்களின் அளவுகோல். கேமராவில் எடுத்த 8 எம்.பி போட்டோவை அப்படியே ஏற்றாமல், சுருக்கி ஏற்றினாலே பாதிப் பிரச்னை தீரும்.

கடை இருந்தால், கூகுள் பிசினஸ் புரொஃபைலை இலவசமாகவே பதிவு செய்யலாம். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது. இங்கே மேலே வரக் காசு கட்டும் வழி கிடையாது. 'ஸ்டார் கொடுத்தா 10 சதவிகிதம் தள்ளுபடி' என்று போர்டு வைப்பது கூகுள் விதிக்கு விரோதம், எடுத்துடுங்க.

சாவி யார் கையில்?

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் கேக் செய்து விற்கிறார். நான்கு வருடம் உழைத்து உருவாக்கிய சைட். 'புது டிசைன் பண்ணித் தர்றோம்' என்று வந்த ஓர் ஏஜென்சி, எல்லாப் பக்கங்களின் முகவரியையும் மாற்றிவிட்டது. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் '301 ரீடைரக்ட்' போடவில்லை. கூகுளைப் பொறுத்தவரை பழைய கடை இடிந்துபோனது. ஆர்டர்கள் பாதிக்கும் கீழே போயின. சரிசெய்யலாம் என்று பார்த்தால், டொமைன் பதிவாகி இருந்ததே ஏஜென்சியின் பெயரில்! அதைத் திரும்ப வாங்க அவர் அலைந்த அலைச்சல் இருக்கிறதே...

அதனால் டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் என எல்லாமே உங்க மெயில் ஐ.டி-யில் இருக்கணும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்க. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம்.

சர்ச் கன்சோல் என்பது கூகுள் இலவசமாகத் தரும் கருவி. எந்தச் சொல்லைத் தேடியபோது உங்க பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று காட்டும். தினமும் திறந்து பார்த்து பி.பி ஏற்றிக்கொள்ளாதீங்க; மாதம் ஒருமுறை போதும். 8-லிருந்து 15-வது இடம் வரை நிற்கும் பக்கங்களை முதலில் கவனியுங்க. கூகுள் ஏற்கெனவே பாதி நம்பிவிட்ட பக்கங்கள் அவை. விட்டுப்போன பதில், பழைய விலை, நல்ல போட்டோ என்று சேர்த்தால் மேலே வர வாய்ப்பு அதிகம். அதில் 16 மாதத் தகவல் இருக்கும் என்பதால், இந்தத் தீபாவளியைப் போன தீபாவளியோடு ஒப்பிடுங்க. தை மாதத்தை மார்கழியோடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். தேடினால் மேலே ஏ.ஐ-யே பதில் சொல்லிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் இது இந்தியாவுக்கும் வந்தது. 'ஜமக்காளம் என்றால் என்ன?' என்று தேடுபவர் இனி உங்க பக்கத்துக்குள் வராமலேயே போகலாம். அந்த மாதிரி பொது விளக்கக் கட்டுரைகளுக்கு இனி நேரம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால், 9 அடிக்கு 12 அடி ஜமக்காளம் வாங்க வருபவருக்கு ஸ்டாக், விலை, டெலிவரி எல்லாம் தெரியணும். அவர் கடைக்குள் வந்துதான் ஆகணும். வந்தவரின் நம்பரை அனுமதியோடு வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவர் கூகுள் வழியாகத்தான் வரணும் என்றில்லை.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, ஏஜென்சிதான் வேணும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்க. நல்லவர்களும் இருக்கிறார்கள். முதல் மீட்டிங்கிலேயே இரண்டு கேள்வி கேளுங்க. முதல் மூன்று மாதத்தில் எந்தெந்தப் பக்கத்தில் என்ன மாற்றம் செய்வீங்க? லிங்க் எந்தெந்த சைட்டிலிருந்து வரும், லிஸ்ட் தர முடியுமா? 'அது எங்க டெக்னிக் சார், வெளியே சொல்ல மாட்டோம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துடுங்க. அந்த லிங்க்குகளை வைக்கத் தாங்கள் அனுமதி கொடுக்கவே இல்லை என்றுதான் ஜே.சி.பென்னியும் சொன்னது. தன் எஸ்.இ.ஓ நிறுவனத்தை வேலையை விட்டும் அனுப்பியது. தண்டனை விழுந்தது என்னவோ ஜே.சி.பென்னி சைட்டுக்குத்தான்.