மென்பந்தாட்டத்தில் மட்டை வீச்சு: ஒரு வரலாறு

மென்பந்தாட்டம் எனப்படும் சாஃப்ட்பால், பேஸ்பால் விளையாட்டிலிருந்து கிளைத்த ஒரு குழு விளையாட்டு ஆகும். பந்தெறிவாளர் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி எறியாமல், இடுப்புக்கருகே கீழிருந்து எறிவது இதன் தனிச்சிறப்பு. நெடுங்காலம் இது பந்தெறிவாளர்களின் ஆட்டமாகவே கருதப்பட்டது. ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் முடியும் ஆட்டங்கள் மிகுதி. ஆற்றலுடன் அடிப்பது பிறவியிலேயே பருத்த உடல் உள்ளவர்க்கு மட்டுமே வாய்க்கும் என்றும், பெண்களுக்கு அது இயலாது என்றும் பலர் எண்ணினர். அந்த எண்ணம் எவ்வாறு மாறியது என்பதே மட்டை வீச்சின் வரலாறு.

தோற்றம்

1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நன்றி நவிலல் நாளன்று, சிகாகோ நகரின் ஃபாரகட் படகுக் கழகத்தில் சில இளைஞர்கள் கூடியிருந்தனர். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியின் முடிவை அறிய அவர்கள் காத்திருந்தனர். முடிவு வந்த மகிழ்ச்சியில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறையை எறிய, மற்றொருவர் அதை ஒரு கோலால் அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் கையுறையைப் பந்துபோல் கட்டி, உள்ளரங்கிலேயே ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்.

1895இல் மினியாபொலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், தம் நிலையத்துப் பணியாளர்களின் உடற்பயிற்சிக்காக இதையொத்த ஆட்டத்தை வெளித்திடலில் நடத்தினார். 1926இல் டென்வர் நகரைச் சேர்ந்த வால்டர் ஹாக்கன்சன் 'சாஃப்ட்பால்' என்ற பெயரை முன்மொழிந்தார். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி நாடளாவிய போட்டி ஒன்று நடைபெற்றது. அதே ஆண்டில் அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கமும் அமைந்தது. பல ஊர்களில் பல விதமாக இருந்த விதிகள் அதன்பின் ஒருமைப்பட்டன.

பெயரில் 'மென்மை' இருப்பினும் இன்றைய பந்து மென்மையானதன்று. அதன் சுற்றளவு 12 அங்குலம். மட்டையின் நீளம் 34 அங்குலத்தையும் விட்டம் 2¼ அங்குலத்தையும் தாண்டக்கூடாது. கிரிக்கெட் மட்டையின் தட்டையான முகம் 4¼ அங்குலம் வரை அகலமுடையது. மென்பந்து மட்டைக்கோ தட்டையான முகமே இல்லை. உருண்ட மட்டை உருண்ட பந்தின் நடுவைவிட்டுச் சிறிது விலகினாலும், பந்து தரையில் உருளும் அல்லது நேர் மேலே எழும்பிப் பிடிபடும்.

பந்தெறிவாளரின் ஆதிக்கம்

பேஸ்பாலில் பந்தெறிவாளருக்கும் மட்டையாளருக்கும் இடையே 60 அடி 6 அங்குலத் தொலைவு உண்டு. பெண்கள் மென்பந்தாட்டத்தில் அது 43 அடி மட்டுமே. எறிவாளர் முன்னோக்கிப் பாய்ந்து எறிவதால் பந்து உண்மையில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 37 அடி. மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்து இத்தொலைவைச் சுமார் 0.4 வினாடியில் கடந்துவிடும். மணிக்கு 95 மைல் வேகப் பேஸ்பால் எறிவுக்கும் இதே அளவு நேரம்தான். மட்டையைச் சுழற்றுவதற்கே ஏறத்தாழ 0.15 வினாடி தேவை. ஆகவே அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்யக் கிடைப்பது கால் வினாடிக்கும் குறைவான நேரமே.

இதனைப் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர்களே நேரில் உணர்ந்தனர். 1941இல் .406 என்ற அடி விகிதம் பெற்ற டெட் வில்லியம்ஸ், ஓய்வுபெற்றபின் 1961இல் கனெடிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் ஒரு நன்கொடைக் காட்சியாட்டத்தில் ஜோன் ஜாய்ஸ் என்ற இளம் பெண்ணின் எறிவை எதிர்கொண்டு திணறினார். 1967இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் திடலில் எடி ஃபைக்னர், வில்லி மேஸ், ராபர்ட்டோ கிளெமென்டே உள்ளிட்ட ஆறு பெரும் மட்டையாளர்களை அடுத்தடுத்து வெளியேற்றினார். 2004இல் ஜென்னி ஃபின்ச், ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற முன்னணி வீரரை வெளியேற்றினார்.

இவர்களிடம் உடல் வலிமைக்குக் குறைவில்லை. தோளுக்கு மேலிருந்து வரும் பந்தைப் படிக்கப் பழகிய கண்களுக்கு, இடுப்பருகிலிருந்து எழும் பந்தின் போக்கு புரியவில்லை. வலிமை மட்டும் நல்ல மட்டையாளரை உருவாக்காது என்பதற்கு இவை சான்றுகள்.

வீச்சின் படிநிலைகள்

ஆற்றல்மிக்க வீச்சு நிலத்திலிருந்து தொடங்குகிறது, கைகளில் முடிகிறது. இதனைப் பின்வரும் படிநிலைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது நிற்கும் நிலை. கால்கள் தோளகலத்துக்குச் சற்று மிகுதியாக விரிந்து, முழங்கால்கள் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். இரு கண்களும் எறிவாளரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பின்வாங்கல். எறிவாளரின் கை சுழலும்போது மட்டையாளர் தம் எடையைப் பின்காலுக்கு மாற்றுகிறார். கைகளும் சற்றுப் பின்செல்கின்றன. வில்லின் நாணை இழுப்பது போன்றது இது.

மூன்றாவது முன்னடி. முன்கால் எறிவாளரை நோக்கிச் சிறு அடி எடுத்து வைக்கிறது. அப்போதும் கைகள் பின்னாலேயே இருக்க வேண்டும். காலுடன் கைகளும் முன்சென்றுவிட்டால் சேர்த்த ஆற்றல் வீணாகும்.

நான்காவது சுழற்சி. முன்கால் நிலத்தை உறுதியாக ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது. அதன்பின் மார்பு, தோள், கை, இறுதியாக மட்டை என ஒவ்வொன்றும் வரிசையாகத் திரும்புகின்றன. ஒரு பகுதி வேகம் குறையும்போது அதன் வேகம் அடுத்த பகுதிக்குச் செல்கிறது. சாட்டையின் பிடி சிறிதளவே அசைந்தாலும் நுனி மிக வேகமாகப் பாய்வதை இதற்கு ஒப்பிடலாம். முன்கால் வளைந்து தளர்ந்தால் இச்சங்கிலி அறுபடும்.

ஐந்தாவது தொடுகை. பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி மீள்கிறது. அதன் பின்னர் மட்டை முழுதாகச் சுற்றி முடிவது, தொடுகைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதன் அடையாளம்.

அடிபட்ட பந்தின் வேகத்தில் எறிவின் வேகத்தைவிட மட்டையின் வேகத்துக்கே பங்கு மிகுதி. எறிவு மணிக்கு ஒரு மைல் கூடினால், அடிபட்ட பந்தின் வேகம் ஏறத்தாழ 0.2 மைல்தான் கூடும். மட்டை ஒரு மைல் கூடினால் 1.2 மைல் வரை கூடும். எனவே எடை மிகுந்த மட்டையை மெதுவாகச் சுற்றுவதைவிட, தாங்கக்கூடிய மட்டையை விரைவாகச் சுற்றுவது பெரும்பாலோர்க்கு நன்மை தரும்.

மாறிய ஒரு பாடம்

பல்லாண்டுகளாகப் பயிற்றுநர்கள் மட்டையைக் கீழ்நோக்கி வெட்டுமாறு கற்பித்தனர். தரையில் உருளும் பந்தைத் தடுப்பாளர் எடுத்து எறிவதில் பிழை நேரலாம். உயரே எழும் பந்தோ எளிதில் பிடிபடும் என்பது அவர்கள் வாதம். பின்காலை ஒரு பூச்சியை நசுக்குவதுபோல் நிலத்திலேயே திருகுமாறும் சொல்லித்தந்தனர்.

டெட் வில்லியம்ஸ் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த தம் நூலில் இதனை மறுத்தார். வரும் பந்து சற்றுக் கீழ்நோக்கியே வருவதால், மட்டை சற்று மேல்நோக்கிச் சென்றால்தான் இரண்டும் ஒரே பாதையில் சந்திக்கும் என்றார் அவர். இடுப்பே கைகளை இழுத்துச் செல்ல வேண்டும் என்பதும் அவர் கருத்து.

மென்பந்தாட்டத்தில் இக்கருத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. இங்கு எறிவாளர் நிற்க மேடு இல்லை. மேலெழும் பந்து என்ற எறிவும் உண்டு. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், சாதாரண எறிவும் தாழும் எறிவும் மட்டையருகே வரும்போது புவியீர்ப்பால் கீழ்நோக்கியே செல்கின்றன. மேலெழும் பந்து மட்டமாக வருகிறது. கீழ்நோக்கி வெட்டும் மட்டை பந்தின் பாதையை ஒரு புள்ளியில் மட்டுமே குறுக்கிடும்; கணப்பொழுது தவறினாலும் அடி தவறும். பந்தின் பாதையோடு ஒட்டிச் செல்லும் மட்டைக்கோ சற்று முந்தினாலும் பிந்தினாலும் பந்து கிடைக்கும். காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதி பரவியபின், சிறந்த மட்டையாளர்கள் பாடத்தில் சொன்னபடி வீசவில்லை என்பது தெளிவாயிற்று. பலருடைய பின்கால் தொடுகையின்போது நிலத்தைவிட்டு இலேசாக எழுந்திருந்தது. எடை முழுவதும் உறுதியான முன்காலில் இருந்தது.

மட்டையின் மாற்றம்

தொடக்கத்தில் மர மட்டைகளே இருந்தன. 1970களில் அலுமினிய மட்டைகள் பரவின. உள்ளீடற்ற உலோகம் இலேசானது. தொடுகையில் சற்று நெகிழ்ந்து மீள்வதால் பந்து இழக்கும் ஆற்றலும் குறைவு. பின்னர் கார்பன் இழைக் கலவை மட்டைகள் வந்தன. அடிபட்ட பந்தின் வேகம் தடுப்பாளர்களுக்கு ஆபத்தாகும் அளவுக்கு உயர்ந்ததால், 2004இல் அமெரிக்கச் சங்கம் அதற்கு மணிக்கு 98 மைல் என்ற சோதனை வரம்பை வகுத்தது. ஆயினும் மட்டை மட்டுமே மாற்றத்துக்குக் காரணமன்று. ஒரே வகை மட்டையை ஏந்திய பலருள் சிலரே தொடர்ந்து ஹோம் ரன் அடித்தனர்.

வாய்ப்பும் வளர்ச்சியும்

1972இல் அமெரிக்காவில் நிறைவேறிய ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. பெண்களுக்கு அணிகளும் பயிற்றுநர்களும் திடல்களும் கிடைக்கத் தொடங்கின. 1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான முதல் மென்பந்து வாகையர் போட்டியை நடத்தியது; யுசிஎல்ஏ வென்றது. எறியும் தொலைவு பின்னர் 40 அடியிலிருந்து 43 அடியாக உயர்த்தப்பட்டது. அந்த மூன்றடி மட்டையாளர்களுக்குப் பெருந்துணையாயிற்று. 1995இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் லாரா எஸ்பினோசா ஒரே பருவத்தில் 37 ஹோம் ரன்கள் அடித்தார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மென்பந்தாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் முதல் ஹோம் ரன்னை அடித்தவர் டாட் ரிச்சர்ட்சன். எலும்பு மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்த அவர், சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் ஹோம் ரன் அடித்து அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைக்கச் செய்தார்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி 51 ஓட்டங்கள் எடுத்து, ஒரே ஓர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கிறிஸ்டல் பஸ்டோஸ் இரு ஹோம் ரன்கள் அடித்தார். அதே அணியில் நடாஷா வாட்லி முற்றிலும் வேறு முறையில் ஆடினார். இடக்கை ஆட்டக்காரரான அவர், ஓடத் தொடங்கியபடியே பந்தைத் தட்டிவிட்டு முதல் தளத்தை எட்டுவார். ஆற்றலும் விரைவும் ஓர் அணிக்கு ஒருங்கே தேவை என்பதை இவ்விருவரும் காட்டினர்.

2005இல் உலக ஒலிம்பிக் குழு வாக்கெடுப்பில் 52-க்கு 52 என வாக்குகள் சமமாகப் பிரிந்தன. பெரும்பான்மை கிட்டாததால் 2012 முதல் மென்பந்தாட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2008 பெய்ஜிங் இறுதியில் ஜப்பானின் யுகிகோ உயேனோ 3-1 என அமெரிக்காவை வீழ்த்தினார். அமெரிக்காவின் அந்த ஒரே ஓட்டம் பஸ்டோஸ் அடித்த ஹோம் ரன்.

அண்மைக் காலம்

ஒலிம்பிக் வாய்ப்பு நீங்கிய ஆண்டுகளிலும் கல்லூரி ஆட்டம் வளர்ந்தது. பேட்டி காசோ பயிற்றுவித்த ஒக்லஹோமா பல்கலைக்கழக அணியில் லாரன் சேம்பர்லின் 2015இல் 95 ஹோம் ரன்களுடன் கல்லூரி வாழ்வை முடித்தார். அதே அணியின் ஜோஸ்லின் அலோ 2022 மார்ச்சில் அச்சாதனையை முறியடித்தார். 95-ஐ எட்டியபின் எறிவாளர்கள் அவருக்கு அடிக்கத்தக்க பந்தைத் தரத் தயங்கியதால், 96-ஆவது ஹோம் ரன்னுக்கு அவர் காத்திருக்க நேர்ந்தது. அது அவருடைய சொந்த மாநிலமான ஹவாயிலேயே நிகழ்ந்தது. 122 ஹோம் ரன்களுடன் அவர் விடைபெற்றார். தவறான பந்தை விட்டுவிடும் பொறுமையும் ஆற்றலின் ஒரு பகுதி என்பதற்கு அந்தக் காத்திருப்பு நல்ல எடுத்துக்காட்டு.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மென்பந்தாட்டம் மீண்டும் இடம்பெற்று, ஜப்பான் 2-0 என அமெரிக்காவை வென்றது. 2024 பாரிஸில் இவ்விளையாட்டு இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெறவுள்ள இதன் ஆட்டங்களை, ஆண்டுதோறும் கல்லூரி வாகையர் போட்டி நடைபெறும் ஒக்லஹோமா நகரில் நடத்தத் திட்டமிடப்பட்டுள்ளது.